உடைக்கும் முன் சோதிப்பவர்கள்: கல்லிடைக்குறிச்சிப் பழைய வீட்டில் ஒரு கசிவறியும் சேவையைப் பற்றிய மதிப்பீடு

சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் மறைந்திருக்கும் நீர்க்கசிவைக் கண்டறிவதையே தொழிலாகக் கொண்ட மூவர் குழு ஒன்று பாளையங்கோட்டையிலிருந்து இயங்கி வருகிறது. கல்லிடைக்குறிச்சியில் உள்ள எங்கள் குடும்ப வீட்டில், இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து வேலை செய்துவிட்டுப் போன பின்னும் காயாமல் இருந்த ஒரு சுவரை இக்குழுவினர் ஆராய்ந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சேவையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழுவின் மூத்தவர், இருக்கும் வேலைகளையே உரிய நேரத்தில் முடிக்க இயலவில்லை என்பதால் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே அவர்களுடைய முறையைத்தான் விரிவாக எழுதுகிறேன். அந்த முறையைத் தெரிந்துகொண்டால், உள்ளூரில் பொறுமையாக வேலை செய்யும் எந்தப் பிளம்பரிடமும் அதைக் கேட்டுச் செய்யச் சொல்லலாம்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவர்கள் ஒன்றரை அடிக் கனம் உடையவை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியவை. கீழ்த்தளத்துக்கும் மேல்மாடிக்கும் இடையே உள்ள தளம் மெட்ராஸ் டெரஸ் வகையைச் சேர்ந்தது. தேக்கு உத்திரங்களின் மேல் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவிட்டமாக அடுக்கி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை இடித்துப் பரப்பியிருப்பார்கள். பட்டாசலுக்கும் (கூடம்) அடுக்களைக்கும் நடுவே உள்ள சுவரில், மார்பளவு உயரத்தில் தொடங்கி மேலே உத்திரம் சுவரில் ஏறும் இடம் வரைக்கும், ஒரே தொடர்ச்சியாக ஓதம் (சுவர் ஈரம்) பரவியிருந்தது. அதற்கு நேர் மேலே, 1990-களில் புதிதாகச் சேர்த்த குளியலறை இருக்கிறது. உத்திரத்தின் முனை நனைந்திருந்ததுதான் எனக்குப் பெருங்கவலையாக இருந்தது. சுவர்ப்பூச்சு உதிர்ந்தால் மறுபடியும் பூசிக்கொள்ளலாம். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனை இற்றுப்போனால் தளமே இறங்கிவிடும்.

முன்பு வந்தவர்களில் ஒருவர், மொட்டை மாடியிலிருந்துதான் நீர் இறங்குகிறது என்று முடிவு செய்து, தட்டோட்டின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டுப் போனார். மற்றொருவர், நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்று சொல்லி, பழைய சுண்ணாம்புப் பூச்சை நான்கடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினார். ஓரிரு மாதங்களிலேயே சிமெண்டுப் பூச்சின் மேல்விளிம்புக்கு மேலே ஓதம் தெரிந்தது. சுண்ணாம்புச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தை இரு பக்கமும் காற்றில் விட்டுக் காய்ந்துகொள்ளும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் பூச்சில்லாத இடத்தைத் தேடி மேலே ஏறுகிறது. இருவரும் தத்தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார்களே ஒழிய, நீர் எங்கிருந்து வருகிறது என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டைக் குழுவினர் வந்த முதல் நாளில் சுத்தியல், உளி எதையும் வெளியே எடுக்கவில்லை. மூத்தவர் என் அம்மாவின் எதிரே அமர்ந்து, நெடுநேரம் கேள்விகள்தாம் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னடியன் கால்வாயில் ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டதும் ஓதம் கூடுகிறதா, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கூடுகிறதா, சித்திரை வெயிலில் குறைகிறதா, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்த் திரும்பியபோது சுவர் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டதே, அப்போது இந்தச் சுவரில் ஏதேனும் மாற்றம் தெரிந்ததா என்றும் கேட்டார். அந்த மழையிலும் ஓதத்தின் எல்லை அப்படியேதான் இருந்தது என்று அம்மா உறுதியாகச் சொன்னார். அப்படியொரு மழையில் கூடாத ஓதத்துக்கு மொட்டை மாடி காரணமாக இருக்க முடியாது என்று அவர் அந்த இடத்திலேயே அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார். கால்வாயில் நீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுவர் ஒரே மாதிரி இருந்ததாலும், சுவரின் அடிப்பகுதியைவிட நடுப்பகுதியே அதிகம் நனைந்திருந்ததாலும், நிலத்தடி ஈரமும் நீங்கியது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். சுவர் நெடுகிலும் கிடைமட்டமாக ஓர் உப்புக் கோட்டையும் விட்டுச் செல்லும். எங்கள் சுவரில் அப்படி எதுவும் இல்லை.

"இன்னைக்கு எதையும் உடைக்க வேண்டாம் ஆச்சி, மொதல்ல எதெது இல்லைன்னு பாத்துருவோம்" என்று அவர் அம்மாவிடம் சொன்னது இந்தக் குழுவின் முறை முழுவதையும் விளங்க வைக்கிறது.

வீட்டை விட்டு நாங்கள் வெளியூர் போயிருந்த நாள்களில் ஓதம் குறைந்திருந்ததா என்ற கேள்விக்கு, கொஞ்சம் குறைந்தது, ஆனால் முழுவதும் காயவில்லை என்பதுதான் அம்மாவின் பதில். அந்தப் பதிலை மூத்தவர் இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன். யாரும் நீரைப் புழங்காதபோது குறைகிறது என்றால் கழிவுநீர் வழியில் பழுது இருக்கலாம். புழங்காதபோதும் முழுவதும் காயவில்லை என்றால் எப்போதும் நீர் நிரம்பி நிற்கும் வரத்துக் குழாயிலும் பழுது இருக்கலாம். ஒரே ஓதத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதே தோன்றியிருக்கிறது.

வரத்துக் குழாய்களைச் சோதிப்பதற்கு நீர் மீட்டர் இருந்தால் எளிது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். எங்கள் வீட்டில் மீட்டர் இல்லாததால், மேல்நிலைத் தொட்டியையே அளவுகருவியாக ஆக்கினார்கள். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருந்த பழைய கேட் வால்வு முழுமையாக அடைபடாது என்பதால், முதலில் அதைக் கழற்றிவிட்டு ஒரு பால் வால்வைப் பொருத்தினார்கள். பிறகு மோட்டாரை நிறுத்தி, வீட்டில் உள்ள குழாய்களை எல்லாம் மூடி, தொட்டிக்குள் ஓர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி நீர்மட்டத்தைக் குறித்தார்கள். வால்வைத் திறந்தே வைத்த இரவில் மட்டம் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. வால்வை மூடி வைத்த இரவில் மட்டம் அசையவே இல்லை. விட்டம் ஒரு மீட்டர் உள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்குவது ஏறக்குறைய 8 லிட்டருக்குச் சமம். அப்படியானால், நாங்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் 4 லிட்டர் நீர் எங்கோ சுவருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஓர் அளவுகோலும் நல்ல வால்வும் தவிர எந்தச் செலவும் இல்லை. முன்பு வந்த இருவரில் ஒருவராவது இதைச் செய்திருந்தால், மொட்டை மாடிப் பூச்சுக்கும் சிமெண்டுப் பூச்சுக்கும் கொடுத்த பணம் முழுவதும் மிஞ்சியிருக்கும்.

அடுத்ததாக, தொட்டியிலிருந்து பிரியும் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கைப்பம்பும் பிரஷர் கேஜும் வைத்து அழுத்தச் சோதனை செய்தார்கள். பத்து மீட்டர் உயரத்து நீர் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். எங்கள் தொட்டி அடுக்களைக் குழாயிலிருந்து ஆறேழு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. புதிய சி.பி.வி.சி. (ஒரு வகைப் பிளாஸ்டிக்) குழாய்களை இதைவிடப் பல மடங்கு அழுத்தம் ஏற்றிச் சோதிப்பார்கள். எங்களுடையவை துருவேறிய பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் என்பதால், சோதனையே புதிய உடைப்பை உண்டாக்கிவிடக் கூடாது என்று 3 கிலோவோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றக் கிளைகளில் கேஜின் முள் அசையாமல் நின்றது. அடுக்களைக்குப் போகும் கிளையில் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது.

அந்தக் கிளை, ஓதம் இருந்த சுவருக்குள் காடி வெட்டிப் புதைத்த குழாய். அது எந்த இடத்தில் கசிகிறது என்று அறிய அவர்கள் செய்த வேலையைத்தான் நான் இந்தச் சேவையின் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். சுவர் முழுவதும் சாக்கட்டியால் அரையடிக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் ஊன்றி, வந்த அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் எழுதினார்கள். இந்தக் கருவி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. சுவரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதையே அளக்கிறது. உப்புப் பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே ஓர் இடத்தின் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கும் விளக்கினார்கள். தாளை நிரப்பி முடித்ததும் எனக்கே விளங்கியது. கண்ணுக்கு ஒரே ஓதமாகத் தெரிந்தது, தாளில் இரண்டு தனித்தனி மையங்களைக் கொண்டிருந்தது. ஒன்று ஐந்தடி உயரத்தில், அடுக்களைப் பக்கமாக. மற்றொன்று உத்திர முனையை ஒட்டி, குளியலறைக்கு நேர் கீழே. இரண்டிலிருந்தும் பரவிய ஈரம் நடுவில் ஒன்று சேர்ந்திருந்தது.

வெப்பப்படக் கருவியையும் கொண்டு வந்திருந்தார்கள். அதைப் பெரிதுபடுத்தாமல் பயன்படுத்தியது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கருவி சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பதில்லை; ஈரம் ஆவியாகும் இடம் சற்றுக் குளிர்ந்திருப்பதை மேற்பரப்பில் மட்டும் காட்டும். வெயில் பட்ட சுவரிலும் சன்னல் காற்று படும் இடத்திலும் அது தவறான படத்தைத் தரும் என்பதால், விடியற்காலையில் வந்து படம் எடுத்தார்கள். சன்னலோரத்திலும் அதே குளிர்ச்சி தெரிந்ததால் அந்தப் படத்தைத் துணைச்சான்றாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு குழாயில் 3 கிலோ அழுத்தத்தை ஏற்றி, சுவரில் இரும்புக் கம்பியை வைத்து அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார்கள். தொட்டி நீரின் குறைந்த அழுத்தத்தில் கசிவு ஒலி எழுப்பாது; அழுத்தம் ஏற்றியதும் ஈரமானி காட்டிய அதே கட்டத்தில் மெல்லிய சீறல் கேட்டது.

அதன் பிறகுதான் உளியை எடுத்தார்கள். ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பூச்சையும் சாந்தையும் கொத்தி எடுத்ததும், துருவேறிய எல்போ (குழாய் வளையும் இடத்து இணைப்பு) ஒன்று தெரிந்தது. ஜி.ஐ. குழாயில் மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு அந்த இடத்தில் அறுபட்டுவிடுகிறது. அதனால் குழாயின் மற்றப் பகுதிகள் நன்றாக இருக்கும்போதே மரையிலிருந்து துரு தொடங்கிவிடும். எங்கள் எல்போவில் மரை முழுவதுமே அரித்துப் போயிருந்தது. அதை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டதற்கு, ஒரு மரை போன குழாயில் அடுத்த மரையும் விரைவில் போகும் என்று சொல்லி, புதைந்த குழாயைத் துண்டித்து அப்படியே விட்டுவிட்டு, புறவாசல் சுவரின் வெளிப்புறமாகப் புதிய சி.பி.வி.சி. குழாயைக் கிளாம்பு போட்டுக் கொண்டு வந்தார்கள். பார்வைக்கு அது அழகில்லை என்று சிலர் நினைக்கலாம். சுண்ணாம்புச் சுவருக்குள் நீர்க்குழாயைப் புதைப்பதையே தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. வெளியே இருக்கும் குழாய் கசிந்தால் அன்றைக்கே கண்ணில் படும். வெயில் பட்டுக் குழாய் நொறுங்கிப் போகாமலிருக்க, நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை அதன் மேல் அடித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது மையத்துக்குக் குளியலறையைச் சோதித்த விதமும் குறிப்பிடத் தக்கது. முன்னர் ஓர் ஒப்பந்தக்காரர், குளியலறைத் தரை முழுவதையும் பெயர்த்தெடுத்துப் புதிதாக டைல்ஸ் போட வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்திருந்தார். இவர்கள் தரையிலிருந்து கழிவுநீர் இறங்கும் நானி டிராப்பின் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டு, தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீரைத் தேக்கி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டு வைத்தார்கள். உத்திர முனையில் ஈரமானியின் அளவு மாறவில்லை. தேங்கிய நீரின் மட்டமும் இறங்கவில்லை. தரை நன்றாகவே இருக்கிறது என்பது இதனால் உறுதியானது. பிறகு ஃப்ளோரசின் சாயம் கலந்த நீரை டிராப்பின் வழியாகச் செல்ல விட்டார்கள். அன்று மாலையே உத்திர முனையருகே, புறஊதா விளக்கின் ஒளியில் பச்சை நிறம் மின்னியது. டிராப்புக்கும் அதன் கீழே போகும் குழாய்க்கும் நடுவே சிமெண்டு வைத்துப் பூசிய இணைப்பு பிளந்திருந்தது. மரக்கட்டைகளின் மேல் நிற்கும் தளம் பாரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சற்று அசைந்து கொடுக்கும். இறுகிப் போன சிமெண்டு இணைப்பு அந்த அசைவைத் தாங்காது. டிராப்பைச் சுற்றிச் சில டைல்ஸ்களை மட்டும் எடுத்து, ஒரே வார்ப்பாக உள்ள டிராப்பைப் பொருத்தி, குழாயோடு கரைப்பான் பசையால் இணைத்து, மறுபடியும் சாய நீரை விட்டுச் சோதித்த பிறகே தரையை மூடினார்கள்.

உத்திர முனையைக் கூர்மையான ஊசியால் பல இடங்களில் குத்திப் பார்த்தார்கள். மேற்பரப்பில் ஒரு நூலளவு மட்டுமே மென்மையாக இருந்தது, உள்ளே தேக்கு உறுதியாகவே இருந்தது. முனையைச் சுற்றி இருந்த சாந்தை நீக்கிக் காற்று புக இடம் விட்டிருக்கிறார்கள். கரையான் தடமும் இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஓதம் பரவிய அதே சுவரில் ஒரு சுவிட்சுப் பெட்டி இருக்கிறது. அந்தச் சுற்றின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்று அவர்கள் ஈரமானியைக் கையில் எடுத்த பிறகுதான் சொன்னார்கள். வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்திருக்க வேண்டும். பழைய மின்கம்பிகள் உள்ள வீட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மேலும், சுண்ணாம்புப் பூச்சு வேலையை அவர்கள் செய்வதில்லை. சிமெண்டுப் பூச்சை எடுத்துவிட்டுச் சுவரை வெறுமனே விட்டுச் செல்கிறார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனாரை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலேயே அத்தகைய ஒருவர் கிடைத்தது எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. அழைத்தால் உடனே வருவதும் இல்லை, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கட்டணம் நியாயமானது. ஆய்வுக்கு 4,500 ரூபாய் வாங்கினார்கள். பழுதுபார்க்கும் வேலையையும் அவர்களிடமே கொடுத்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்கிறார்கள். குழாய், டிராப், வால்வு ஆகியவற்றைக் கடை ரசீதோடு தனியே கணக்குக் காட்டினார்கள். ஆய்வுக்கென்று தனியாகப் பணம் கேட்பதைச் சிலர் விரும்பமாட்டார்கள். ஆய்வுக்குக் கூலி வாங்காதவர் உடைப்பதிலும் பூசுவதிலும்தான் தம் வருமானத்தைத் தேட வேண்டியிருக்கும் என்பதால், இந்த ஏற்பாடே வீட்டுக்காரருக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன்.

கசிவு நின்ற மறுநாளே சுவர் காய்ந்துவிடாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது அவர்கள் சொன்ன தோராயக் கணக்கு. இரு பக்கமும் திறந்திருக்கும் ஒன்றரை அடிச் சுவர் காய்வதற்கு ஒன்பது மாதமாவது ஆகும். அதற்கிடையே பூத்து வரும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஈரமானியின் கட்டத்தாளை எங்களிடமே கொடுத்துச் சென்றதால், அதே கட்டங்களில் மறுபடியும் அளந்து பார்க்க முடிந்தது. இரண்டு மையங்களிலும் அளவு இறங்கி, சுவரின் மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போன பிறகுதான் கொத்தனார் சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்கினார். பூச்சின் மேல் எமல்ஷன் வண்ணம் எதுவும் அடிக்காமல் வெள்ளை மட்டும் அடித்திருக்கிறோம்.

இத்தகைய சேவையை அழைக்க நினைப்பவர்கள், அவர்கள் வருமுன்னரே தொட்டி மட்டச் சோதனையைத் தாங்களே செய்து எழுதி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது நினைவில் இருக்கும் பெரியவர்களையும் அன்று உடன் வைத்துக்கொள்வது நல்லது. குழாய்கள் எல்லாம் வெளியே தெரியும்படி உள்ள காங்கிரீட் வீடுகளுக்கு இவ்வளவு விரிவான ஆய்வு தேவைப்படாது; உள்ளூர்ப் பிளம்பரும் ஒரு கைப்பம்பும் போதும்.